படிக்கும் முன் இன்னொரு டேபைத் திறங்கள்

கல்லூரி மாணவர்கள் பலருக்கும் இணையத்தில் சரியான தகவலைத் தேடி எடுப்பதில் நம்பிக்கை அதிகம். அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், அங்கே படிக்கும் மாணவர்களிடம் குழந்தை மருத்துவர் அமைப்புகள் இரண்டின் இணையதளங்களைக் காட்டி, எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று 1930-இல் தொடங்கிய பெரிய தொழில்முறை அமைப்பு. இன்னொன்று 2002-இல் அதிலிருந்து கருத்து வேறுபாட்டால் பிரிந்துபோன சிறு குழு. பாதிக்கும் மேற்பட்ட மாணவர்கள் சிறு குழுவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்! பக்கத்தின் வடிவமைப்பு, பெயர், மேற்கோள் பட்டியல் இவையெல்லாம் அவர்களை நம்பவைத்துவிட்டன.

அதே ஆய்வில் பங்கேற்ற தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்களோ அந்தத் தளத்திலேயே உட்கார்ந்து ஆராயவில்லை. உடனே வேறு டேப்களைத் திறந்து, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடினார்கள். அவர்களில் ஒருவர்கூடத் தவறவில்லை.

நீங்களும் அசைன்மென்டுக்கு ஒரு தளத்தை எடுக்கும்போது, 'எங்களைப் பற்றி' பக்கத்தை நம்பி நிற்காதீர்கள், அது அவர்களே எழுதிக்கொண்டது. அமைப்பின் பெயரைத் தனியாகத் தேடுங்கள். விக்கிப்பீடியாவில் இருந்தால் முதல் பத்தியையும் கீழே உள்ள சான்றுகளையும் பாருங்கள். அப்புறம், தேடல் முடிவுகளில் முதலில் வந்ததையே சொடுக்காமல் பட்டியல் முழுவதையும் ஒருமுறை நோட்டம் விடுங்கள். யார் நடத்துகிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது என்பது பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.