ஹோல்டான் சொல்லாமல் கூரையை மூடாதீர்கள்

கோயம்புத்தூரில் நான் ஆக்டிங் டிரைவர். கார் வைத்திருப்பவர்கள் கூப்பிட்டால் போய், அவர்கள் வண்டியையே ஓட்டிக் கொடுத்துவிட்டு வருவேன். அதற்கு முன் ஆறு வருடம் உக்கடம் – பொள்ளாச்சி தடத்தில் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். படியில் யாருடைய கால் இருக்கிறது என்று பார்க்காமல் ‘ரைட்’ சொல்லக்கூடாது என்பது அந்த வேலையில் அடிபட்டுக் கற்ற பாடம். கூரையில் திறந்து மூடும் கண்ணாடி வைத்த கார்கள் கைக்கு வரத் தொடங்கிய பிறகு, அந்தப் பாடம் மறுபடி வேலைக்கு வந்துவிட்டது. சன்ரூஃப் என்பது தலைக்கு மேல் நகரும் பஸ் கதவு. மூடுவதற்கு முன், பஸ்ஸை நிறுத்தச் சொல்வது போல ‘ஹோல்டான்’ சொல்லித்தான் ஆக வேண்டும்.

சாவி வாங்கியதும் வீட்டு வாசலிலேயே, வண்டி நிற்கும்போதே, சுவிட்சை ஒருமுறை இயக்கிப் பார்த்துவிடுவேன். முன்பக்கக் கூரையில், விளக்குகளுக்குப் பக்கத்தில் அது இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் பின்னால் தள்ளினால் கண்ணாடி திறக்கும், முன்னால் தள்ளினால் மூடும், மேல்நோக்கி அழுத்தினால் கண்ணாடியின் பின்விளிம்பு மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும். வண்டிக்கு வண்டி இது மாறும். நேற்று ஓட்டிய வண்டியில் திறந்த விரலசைவு இன்றைய வண்டியில் மூடும். ஓடும்போது கண்ணைச் சாலையிலிருந்து எடுத்துக் கூரையில் தேடுவதைவிட, வாசலில் இரண்டு நிமிடம் செலவழிப்பது மேல்.

இன்னொன்றையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். லேசாகத் தள்ளினால் விரல் இருக்கும் வரைதான் கண்ணாடி நகரும். அழுத்தித் தள்ளினால் விரலை எடுத்த பிறகும் கடைசி வரை போய்விடும். வில்லங்கம் இந்த இரண்டாவது வகையில்தான். திறப்பதற்கு அது வசதி. மூடுவதற்கு நான் எப்போதும் லேசான தள்ளலைத்தான் பயன்படுத்துகிறேன். ஏதாவது தவறாகப் பட்டால் விரலை எடுத்தால் போதும், கண்ணாடி நின்றுவிடும். தானாக ஓடிக்கொண்டிருக்கும் கண்ணாடியைப் பாதியில் நிறுத்த எந்தப் பக்கம் தட்ட வேண்டும் என்பதையும் உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்து, ஆளில்லாதபோது பழகிக்கொள்ளுங்கள்.

இனி மூடுவது. நான் வாய்விட்டுச் சொல்வேன்: “கண்ணாடி மூடுகிறேன், எல்லோரும் கையை உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள்.” பிறகு பின்னால் திரும்பிப் பார்ப்பேன். டிரைவருக்குப் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தால் குழந்தைகளின் முகம் தெரியும், கை தெரியாது. கைகளை எண்ணிய பிறகுதான் விரல் சுவிட்சுக்குப் போகும். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள். ஆறு கைகளும் மடியில் இருந்தால்தான் மூடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சின்னவள் வேண்டுமென்றே ஒரு கையை ஒளித்து வைத்துக்கொண்டு என்னைச் சோதிப்பாள்.

“கை நசுங்கினால் தானாகத் திரும்பிவிடும், பயப்படாதீர்கள்” என்று வண்டி விற்றவர் சொல்லியிருப்பார். அப்படி ஒரு பாதுகாப்பு பல வண்டிகளில் இருப்பது உண்மைதான். ஆனால் அதன் அளவு என்ன என்று அவர் சொல்லியிருக்க மாட்டார். அமெரிக்க, ஐரோப்பிய விதிகளில் இதற்கு வைத்திருக்கும் எல்லை 100 நியூட்டன். ஏறக்குறைய பத்துக் கிலோ எடையை வைத்தது போன்ற அழுத்தம். அந்த அளவுக்குள் கண்ணாடி பின்வாங்கிவிட்டால் சோதனையில் தேறியதாகக் கணக்கு. பத்துக் கிலோ அரிசிப் பையை ஒரு குழந்தையின் சுண்டுவிரல் மேல் வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்தச் சோதனையும் 4 மில்லிமீட்டர் முதல் 200 மில்லிமீட்டர் வரையிலான இடைவெளிக்குத்தான். அதைவிடக் குறுகிய கடைசி இடுக்கில் துப்பட்டா நுனியோ தலைமுடியோ சங்கிலியோ மாட்டினால் கண்ணாடிக்குத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சில வண்டிகளில் சுவிட்சை விடாமல் பிடித்து மூடினால் அந்தப் பாதுகாப்பே விலகிக்கொள்ளும். வெள்ளரிக்காயை வைத்து மூடிக் காட்டும் வீடியோக்களைப் பார்த்துவிட்டுத் தன் கையை வைத்துப் பார்க்க ஆசைப்பட்ட ஒரு கல்லூரி மாணவனை நான் ஒருமுறை தடுத்திருக்கிறேன். வெள்ளரிக்காய்க்கு நரம்பு கிடையாது.

ஆனைகட்டிப் பக்கம் போனபோது நடந்தது இது. வண்டியை ஓரமாக நிறுத்தியிருந்தேன். ஒரு பெண் எழுந்து வெளியே பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். நான் கேட்டேன், எல்லோரும் சரி என்றார்கள், மூடத் தொடங்கினேன். அவள் துப்பட்டாவின் நுனி காற்றில் எழும்பிக் கூரைக்கு மேல் கிடந்திருக்கிறது. கழுத்து இழுபட்டு அவள் கத்தியதும் விரலை எடுத்தேன். விரல்பிடியில் மூடியதால் அதோடு போயிற்று. அன்றிலிருந்து கைகளோடு துணியையும் சேர்த்து எண்ணுகிறேன்.

சுவிட்ச் என் பொறுப்பு, பின்னால் இருப்பவர்கள் தொடக்கூடாது என்பது வண்டி கிளம்பும் முன்பே பேசி முடிக்க வேண்டிய விஷயம். ஜன்னல்களைப் பூட்டும் பொத்தானை அழுத்திவிட்டால் கூரையும் பூட்டிக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் அந்தப் பொத்தான் கதவுக் கண்ணாடிகளோடு சரி. குரலுக்குத் திறக்கும் கூரைகளும் வந்துவிட்டன. நான்கு வயதுப் பையன் சொன்னாலும் அது கேட்கும். இன்ஜினை அணைத்த பிறகும் சில வண்டிகளில் கொஞ்ச நேரம் சுவிட்சுக்கு மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதனால் டீ குடிக்க இறங்கும்போது குழந்தைகளை மட்டும் உள்ளே விட்டுப் போகாதீர்கள். வெயிலுக்காகக் கூரையைத் திறந்து வைத்துவிட்டு விட்டுப் போவதும் இதில் சேர்த்திதான்.

எனக்கும் வண்டி உரிமையாளர்களுக்கும் சண்டை வரும் இடம் ஒன்று உண்டு. ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும்போது நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். நான்காவது ஐந்தாவது வளைவிலேயே யாராவது ஆரம்பிப்பார்கள்: “பாப்பா கொஞ்சம் எழுந்து நின்று பார்க்கட்டுமே, மெதுவாகத்தானே போகிறோம்.” நான் வண்டியை ஓரம் கட்டிவிடுவேன். மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் நொடிக்குப் பதினான்கு மீட்டர். மாடு குறுக்கே வந்து பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கும், நின்றுகொண்டிருக்கும் குழந்தை நிற்காது. அதன் வயிறும் மார்பும் மோதுவது இரும்பு விளிம்பில். மலைப்பாதையில் வண்டி மெதுவாகப் போனாலும் தாழ்ந்த கிளையும் மூங்கில் நுனியும் மெதுவாக வருவதில்லை. எதிரே வரும் லாரியின் சக்கரம் கல்லைத் தெறிக்கவிடும்.

சட்டமும் என் பக்கம்தான் இருக்கிறது. 14 வயதுக்குக் குறைந்த குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின் கீழ் ஆயிரம் ரூபாய் அபராதம். 2019 திருத்தத்தில் வந்தது. கூரை வழியே நின்றுகொண்டு பெல்ட் போட்டுக்கொள்ள யாராலும் முடியாது. ஆபத்தாக ஓட்டியதாக 184ஆவது பிரிவில் வழக்குப் போட்டால் என் லைசென்ஸுக்கும் கேடு. உரிமையாளரின் மாமா ஒருவர் “அபராதத்தை நான் கட்டுகிறேன்” என்றார். “வண்டியையும் நீங்களே ஓட்டுங்கள்” என்று சாவியை நீட்டினேன். வாங்கவில்லை. போட்டோ வேண்டுமென்றால் காட்சிமுனையில் வண்டியை ஒதுக்கி நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் வைத்துக்கொண்ட பிறகு ஒருவர் ஒருவராக எழுந்து நிற்கலாம். கூரை விளிம்பில் உட்காரக்கூடாது. கண்ணாடி ஓடும் தண்டவாளம் வளைந்தால் பிறகு அது நேராக மூடாது.

குரங்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குன்னூர் ஏறும் வழியில் பர்லியாறு பக்கம் நிறுத்தினால் கூரையைத் திறக்கவே திறக்காதீர்கள். மேலே வந்து உட்கார்ந்த குரங்கைப் பார்த்துப் பதறிக் கண்ணாடியை மூடப் போனால் அதன் கை மாட்டும், பிறகு உள்ளே இருப்பவர்கள் பாடு திண்டாட்டம். வர்க்கி பிஸ்கட் பொட்டலத்தோடு அது போய்விட்டால் போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

சமவெளியில் வேகமாகப் போகும்போது முழுதாகத் திறந்தால் காதுக்குள் ‘பும் பும்’ என்று அடிக்கும். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் சத்தம் வருமே, அதே சங்கதிதான், வண்டிதான் பாட்டில். கண்ணாடியைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவாருங்கள், அல்லது பின் ஜன்னல் ஒன்றை இரண்டு விரல் அளவு இறக்குங்கள், அடங்கிவிடும். நெடுஞ்சாலை வேகத்தில் நான் முழுதாகத் திறப்பதில்லை. ஆம்புலன்ஸ் சத்தம்கூடக் கேட்காது. பின்விளிம்பைத் தூக்கி வைப்பது மட்டும் உண்மையிலேயே பயனுள்ளது. வெயிலில் வெந்த வண்டியில் ஏறியதும் ஒரு நிமிடம் அப்படித் தூக்கி வைத்து ஓட்டினால் மேலே தேங்கிய சூடு வெளியேறிவிடும். பிறகு மூடிவிட்டு ஏசி போடுங்கள்.

மழைக்கு வருவோம். கூரைக் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் ஒரு சொட்டுத் தண்ணீரையும் விடாது என்று நினைக்கக்கூடாது. கொஞ்சம் உள்ளே இறங்கும் என்று தெரிந்தேதான் அதைச் சுற்றி ஒரு வாய்க்கால் வைத்திருக்கிறார்கள். அதன் மூலைகளில் சின்ன ஓட்டைகள். அவற்றிலிருந்து மெல்லிய குழாய்கள் கதவுகளை ஒட்டிய தூண்களுக்குள் இறங்கி வண்டிக்கு அடியில் தண்ணீரை விடும். இந்த ஓட்டைகள் அடைத்துக்கொண்டால் தண்ணீர் விளக்கு வழியாக உங்கள் தலையில் விழும், இல்லையென்றால் தூண் வழியாக இறங்கிக் காலடி விரிப்பில் தேங்கும். ரப்பர் போய்விட்டது என்று சொல்லிப் பெரிய செலவு வைத்த ஒரு பட்டறையை எனக்குத் தெரியும். கடைசியில் அடைத்திருந்தது ஒரு கைப்பிடி புளிய இலை.

எங்கள் ஊர்ப்பக்கம் புளியமரம்தான் முதல் எதிரி, அடுத்தது வேப்பம்பூ. இரண்டும் அந்த ஓட்டைக்கென்றே அளவெடுத்து உதிர்வதைப் போல உதிரும். மரத்தடியில் நிறுத்தும் வண்டியென்றால் மாதம் ஒருமுறை கூரையைத் திறந்து, ஈரத்துணியால் வாய்க்காலைத் துடைத்துவிடுங்கள். பிறகு சமதரையில் நிறுத்தி, முன் மூலையில் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். முன்சக்கரத்துக்கு அருகிலோ கதவுக் கீலுக்குக் கீழேயோ சொட்டினால் வழி சரியாக இருக்கிறது. தேங்கி நின்றால் தடிமனான தூண்டில் நரம்பை மெதுவாக விட்டுப் பார்க்கலாம். இரும்புக் கம்பி கூடவே கூடாது, குழாய் கிழியும். காற்றடிக்கும் இயந்திரத்தால் ஓங்கி ஊதினாலும் உள்ளே குழாய் கழன்றுகொள்ளும். அதற்குக் கூரைத் துணி முழுவதையும் இறக்க வேண்டும்.

தண்டவாளத்துக்குத் தேங்காய் எண்ணெய் விட்ட ஒரு வீட்டம்மா உண்டு. தையல் மிஷினுக்கு விட்டது போல அன்போடுதான் விட்டார். ஒரு வாரத்தில் தூசி அப்பி, எறும்பு வரிசை கட்டிவிட்டது. ரப்பருக்கு சிலிக்கோன் வகைப் பூச்சு, தண்டவாளத்துக்குக் கையேட்டில் சொன்ன கிரீஸ், அதுவும் துடைத்த பிறகு கொஞ்சமாக. மழை நின்றதும் உடனே திறக்காதீர்கள். மேலே நிற்கும் தண்ணீர் மொத்தமும் உள்ளே வரும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழுந்த காலையில் ரப்பர் ஒட்டிக்கொண்டிருக்கும். வெயில் ஏறும் வரை சுவிட்சைத் தொடாதீர்கள், மோட்டார் திணறும்.

பேட்டரி கழற்றி மாட்டிய பிறகு கூரை ஒரு தட்டலில் மூட மறுத்தால் அது பழுதாக இருக்க வேண்டியதில்லை. தான் எங்கே நிற்கிறோம் என்பதைக் கண்ணாடி மறந்திருக்கும். பல வண்டிகளில் மூடும் பக்கம் சுவிட்சைக் குறிப்பிட்ட நேரம் பிடித்திருந்து, விட்டு, மறுபடி பிடித்தால் அது ஒருமுறை முழுதாகத் திறந்து மூடித் தன் எல்லையைப் பழகிக்கொள்ளும். எத்தனை நொடி என்பது கையேட்டில் இருக்கும். அதைச் செய்து முடிக்கும் வரை, செய்யும்போதும்கூட, நசுங்காமல் தடுக்கும் பாதுகாப்பு வேலை செய்யும் என்று நம்பக்கூடாது. அந்த நேரத்தில் வண்டிக்குள் நான் மட்டும்தான் இருப்பேன்.

திறந்தபடி நின்றே போனால் சுவிட்சைப் போட்டு அமுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். மோட்டார் சூடேறி நின்றிருந்தால் ஆறவிட வேண்டும். தண்டவாளத்தில் கல்லோ சுள்ளியோ இருக்கிறதா பாருங்கள், ஃபியூஸைப் பாருங்கள். சில வண்டிகளில் விளக்கு மூடியைக் கழற்றினால் ஆலன் கீ எனப்படும் ஆறுமுகச் சாவியால் கையால் சுற்றி மூடும் வழியும் உண்டு. கண்ணாடியைக் கையால் தள்ளுவது மட்டும் வேண்டாம்.

போன ஐப்பசியில் கிணத்துக்கடவு தாண்டி எனக்கு அப்படி நின்றது, மேலே கருமேகம். இளநீர்க் கடைக்காரர் தன் நீலத் தார்ப்பாயைக் கழற்றிக் கொடுத்தார். கூரையின் குறுக்கே போட்டு, நான்கு கதவுகளையும் திறந்து நுனிகளை உள்ளே மடக்கி, கதவுகளை அதன்மேலேயே சாத்தினோம். உக்கடம் வரை முப்பதுக்கு மேல் ஓட்டவில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். மறுநாள் தார்ப்பாயைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “ஏனுங்க, இவ்வளவு காசு போட்டு எதற்குங்க ஓட்டை வைத்த வண்டி வாங்குகிறார்கள்?” இளநீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.