கார்கில் குளிரில் ஒரு நிமிடம் ஓடி நின்ற லாரி

நவம்பர் கடைசியில் லடாக்கின் லே நகருக்கு லோடு. கார்கிலில் இரவு நிறுத்திய வண்டி, காலையில் ஸ்டார்ட் ஆகி ஒரே நிமிடத்தில் அணைந்தது. பேட்டரி மாற்றினேன், டீசல் பைப்பில் புகுந்த காற்றை (ஏர்) எடுத்தேன். இரண்டு நாள் போயிற்று. டேங்க்கில் டீசல் கொஞ்சம் கலங்கலாக இருந்தாலும் தண்ணீராகத்தான் ஓடியது, அதனால் சந்தேகமே வரவில்லை.

மூன்றாம் நாள் ஃபில்டரைக் கழற்றினால், உள்ளே மார்கழித் தேங்காய் எண்ணெய் போல வெள்ளை மெழுகு! குளிரில் டீசலிலுள்ள மெழுகு பிரிந்து, டேங்க் உறைய வெகுமுன்பே ஃபில்டரை அடைத்துக்கொள்கிறது. பம்பில் மிச்சமிருக்கும் டீசல்தான் அந்த ஒரு நிமிட ஓட்டம்.

புது ஃபில்டர் போட்டு, டேங்க்கிலும் பைப்பிலும் சாக்கு சுற்றி வெந்நீர் ஊற்றினேன். பிடித்துக்கொண்டது, உயிர் வந்தது. சமவெளி டீசலை முடிந்தவரை வடித்துவிட்டு, லடாக்கில் 2019 முதல் விற்கும் குளிர்கால டீசலை நிரப்பினேன். அது −33 டிகிரி வரை தாங்கும். மெழுகு கட்டுவதற்கு முன்பே ஊற்ற வேண்டும்.