பிக்அப்பின் காந்தத்தை அழுத்தாதீர்கள்

கடந்த மாதம் திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு தம்பி தன் கிட்டாரைக் கொண்டுவந்தான். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவம், தந்தியின் அதிர்வை மின்னாக மாற்ற, பழைய முறைப்படி செய்த மூன்று பிக்அப்கள். நடுவிலிருந்தது ஊமையாகிவிட்டது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், உள்ளே கம்பி அறுந்திருந்தது. மூன்றாம் தந்தியான ஜிக்குக் கீழிருந்த காந்தத்தின் தலையில் தட்டிய தழும்பு. "ஜி தந்தி மட்டும் கத்தியது அண்ணா. மெதுவாகத்தான் தட்டினேன்" என்றான். இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் மெதுவாகத்தான் தட்டினேன்.

பிக்அப் விஷயத்தில் பலர் செய்யும் பெரிய பிழைகளைக் கீழே எழுதுகிறேன். வயரை மாற்றிப் பற்றவைப்பது போன்ற சில்லறைப் பிழைகளை இங்கே எழுதவில்லை. அவற்றை அரை மணி நேரத்தில் திருத்திவிடலாம்.

காந்தத்தை அழுத்துவது

1954இல் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோது ஜி தந்தி பெரும்பாலும் சுருள் சுற்றிய தந்தி. பிக்அப்புக்கு முக்கியமாக எட்டுவது உள்ளேயிருக்கும் உருக்கு இழை; அது மெல்லியது. ஆகவே அதன் காந்தத்தை உயர்த்தி வைத்தார்கள். பிறகு சுற்றில்லாத, முழு உருக்கு ஜி தந்தி வழக்கமாயிற்று. காந்தமோ பழைய உயரத்திலேயே நின்றுவிட்டது. ஜி முந்திக்கொண்டு ஒலிப்பது அதனால்தான். தம்பியின் காது சரியாகத்தான் கேட்டது.

கிப்சன் நிறுவனத்தின் பி-90 பிக்அப்பில் திருகாணிகள் உண்டு. திருப்பினால் ஏறும், இறங்கும். அதைப் பார்த்தவர்கள் இதுவும் அப்படியே என்று நினைக்கிறார்கள். ஃபெண்டர் முறையில் ஆறு அல்நிகோ காந்தத் தண்டுகளை இரண்டு ஃபைபர் தகடுகளில் இறுக்கி, அந்தத் தண்டுகளின் மேலேயே கம்பியைச் சுற்றுகிறார்கள். 42 கேஜ் செப்புக் கம்பி, தடிப்பு சுமார் 0.06 மில்லிமீட்டர், ஏறத்தாழ 8,000 சுற்றுகள். தண்டு சற்று நகர்ந்தாலே மிக உள்ளேயிருக்கும் சுற்றை உரசி அறுத்துவிடலாம். அங்கே அறுந்தால் ஒட்டவைக்க வழியில்லை. முழுவதையும் கழித்துப் புதிதாகச் சுற்ற வேண்டும்.

நான் தட்டியது கோயில் திருவிழா மேடைக்கு இரண்டு நாள் முன்பு. திருவிழா இரவு முழுவதும் பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கும் பாலம்) பக்கத்துப் பிக்அப் ஒன்றை வைத்துக்கொண்டு வாசித்தேன். மெல்லிய பாடல்களெல்லாம் கீச்சென்று கேட்டன. பிறகு கொழும்புக்கு அனுப்பிச் சுற்றிவர ஒரு மாதம். செலவு அந்தக் கிட்டாரின் விலையில் பாதி. "மெதுவாக அழுத்தினால் இறங்கும்" என்று இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள், எனக்குக் கோபம் வருவது அதில்தான்.

நம் ஊரில் ஆபத்து இன்னும் கூடுதல். கடற்காற்றும் வியர்வையும் தண்டுகளில் துருவை ஏற்றுகின்றன. துரு கம்பியின் எனாமல் பூச்சை அரிக்கிறது. யாரும் தொடாமலே செத்துப்போன பிக்அப்களை உப்புவெளியிலிருந்து வந்த கிட்டார்களில் கண்டிருக்கிறேன். அப்படி நலிந்த சுருள் ஒரு தட்டுத் தாங்காது.

ஜி கத்தினால் சற்று மெல்லிய ஜி தந்தி போடுங்கள், அல்லது சுற்றிய ஜிக்குத் திரும்புங்கள். இரண்டும் பிடிக்கவில்லையென்றால் தண்டுகள் ஒரே மட்டமாக உள்ள பிக்அப்பை வாங்குங்கள். அடியில் பட்டைக் காந்தம் ஒட்டிய மலிவு வகைகளில் கம்பி பிளாஸ்டிக் சட்டத்தின் மேல் சுற்றப்பட்டிருக்கும். அங்கே தண்டு நகர்ந்தாலும் கம்பிக்குப் படாது. ஆனால் கழற்றிப் பார்க்காமல் எந்த வகையென்று தெரியாது.

பிக்அப்பைத் தந்திக்கு மிக அருகே உயர்த்துவது

காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கும். தடித்த ஈ தந்தியை மேல்கட்டைகளில் வாசித்தால் ஒரு சுரத்துக்கு இரண்டு சுரம் கேட்கும். சுருதி சேரவில்லையென்று பிரிட்ஜை மாற்றியவர்களும் உண்டு. கடைசிக் கட்டையை அழுத்திக்கொண்டு அளந்தால் தடித்த பக்கம் சுமார் 2.4, மெல்லிய பக்கம் சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும்.

ஓம் கணக்கைப் பார்த்து வாங்குவது

ஓம், அதாவது மின்தடை, கூடினால் ஒலியும் பலமாகும் என்று நம்பி வாங்குகிறார்கள். ஆனால் கம்பி மெலிந்தாலும் ஓம் கூடும். வெப்பம் 10 பாகை ஏறினால் அதே பிக்அப் சுமார் 4 வீதம் கூடுதலாகக் காட்டும்.

இரைச்சலுக்கெல்லாம் ஹம்பக்கர் போடுவது

கிப்சன் பொறியாளர் சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் என்ற பிக்அப், இரண்டு சுருள்களால் மின்கம்பிகளின் 50 ஹேர்ட்ஸ் ரீங்காரத்தை அடக்குகிறது. கிட்டாரைத் திருப்பிப் பிடிக்கும்போது ரீங்காரம் ஏறி இறங்கினால் அது உதவும். தந்தியைத் தொட்டதும் குறைகிற இரைச்சலுக்கு முதலில் உட்குழியில் செப்புத் தாள் ஒட்டுங்கள்.

மெழுகில் அமிழ்த்துவது

சுருள் அதிர்ந்து கீச்சிடாமலிருக்கப் பிக்அப்பை உருகிய மெழுகில் அமிழ்த்துவதுண்டு. வீட்டு அடுப்பில் வேண்டாம். மெழுகு தீப்பிடிக்கும்.