பிரெஞ்சுப் பேச்சில் அடிக்கடி காதில் விழும் 'கிஃபே'

பிரெஞ்சு கற்பவர்களுக்குப் பாடப்புத்தகம் 'எமே' (பிடிக்கும், நேசிக்கிறேன்) என்ற வினையைத்தான் சொல்லித் தரும். ஆனால் பாரிஸ் இளைஞர்கள் பேசும்போது காதில் விழுவது 'கிஃபே'. மிகவும் பிடிக்கும், ரசிக்கிறேன் என்று பொருள். ஒருவரிடம் 'ஜெ தெ கிஃப்' என்றால் 'உன்னை ரொம்பப் பிடித்திருக்கிறது' என்பது போல. 'ஜெ தெம்' ('உன்னைக் காதலிக்கிறேன்') அளவுக்குக் கனமில்லாத சொல்.

வேர் அரபு மொழியின் 'கைஃப்'. இன்பம், சுகமான நிலை என்று பொருள். உருதுவிலும் அந்தச் சொல் உண்டு. வட ஆப்பிரிக்காவில் புகைக்கும் கஞ்சாவுக்கே 'கிஃப்' என்று பெயர் வந்தது. அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போய், 'ஏ' என்று ஒலிக்கும் '-er' விகுதி சேர்ந்து வினையானது. இன்று கஞ்சா நினைவே இல்லாமல் ஐஸ்கிரீமுக்கும் இதைச் சொல்கிறார்கள்.

திரிபு மிகச் சுலபம், அதுதான் எனக்கு இதில் பிடித்தது. 'ஜெ' (நான்), 'த்யு' (நீ), 'இல்' (அவன்), 'ஓன்' (பேச்சில் 'நாம்') எல்லாவற்றுக்கும் காதில் ஒரே ஒலி: கிஃப். எழுத்தில்தான் ஈறு மாறும். 'வூ' (நீங்கள்) வந்தால் கிஃபே. இறந்த காலத்துக்கு 'ஜே கிஃபே'. 'நாம்' என்பதற்கு 'நூ கிஃபோன்' இலக்கணப்படி சரி, ஆனால் பேச்சில் பெரும்பாலும் 'ஓன் கிஃப்' என்றே வரும்.

அப்புறம், 'கிஃப்-கிஃப்' என்று கேட்டால் குழம்ப வேண்டாம். அதற்கு 'இரண்டும் ஒன்றுதான்' என்று பொருள். வேலை நேர்காணலில் மட்டும் 'கிஃபே' வேண்டாம். அங்கே 'எமே' போதும்.