எக்ஸ்ப்ரெக் அழுத்தும் முன்: அடுக்குக்குறி மாதிரியில் நடக்கும் தவறுகள்

சென்னையில் ஐபி பாடத்திட்டத்தில் படிக்கும் மாணவர்கள் பலர் டிஐ-84 பிளஸ் அல்லது கேசியோ எஃப்எக்ஸ்-சிஜி50 என்ற வரைபடக் கால்குலேட்டர் வைத்திருப்பார்கள். ஏறக்குறைய எந்தத் தரவைக் கொடுத்தாலும் இரண்டும் ஒய் = ஏ × பி^எக்ஸ் என்ற அடுக்குக்குறிச் சமன்பாடு ஒன்றைப் பொருத்தித் தந்துவிடும்; டிஐ-84-இல் அந்தக் கட்டளையின் பெயர்தான் எக்ஸ்ப்ரெக் (ExpReg). தரவு அடுக்குக்குறி வடிவில்தான் போகிறதா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலான தவறுகள் அதைப் பார்க்காமல் விடுவதில்தான் தொடங்குகின்றன.

பார்ப்பது எளிது. சம இடைவெளியில் எடுத்த அளவுகளில், ஒவ்வொன்றையும் அதற்கு முந்தையதால் வகுங்கள். விகிதம் ஏறக்குறைய மாறாமல் வந்தால் மட்டும் மேலே போகலாம்.

ஒரு டம்ளர் காபி ஆறுவதை 10 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்ததாக வைத்துக்கொள்வோம்: 80, 59.9, 47.9, 40.7 டிகிரி. விகிதங்கள் 0.75, 0.80, 0.85 என்று ஏறிக்கொண்டே போகின்றன. இதைக் கவனிக்காமல் எக்ஸ்ப்ரெக் போட்டால் ஏ 77.5, பி 0.978 என்று வரும். பொருத்தம் எவ்வளவு நெருக்கம் என்று சொல்லும் ஆர்² (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.98 என்று காட்டும், பார்த்ததும் திருப்தியாகிவிடும். அதே சமன்பாட்டில் 60-ஆவது நிமிடத்தைக் கேட்டால் 20 டிகிரி என்கிறது. அறையே 30 டிகிரியில் இருக்கும்போது காபி அதற்குக் கீழே போக வழியே இல்லை.

அடுக்குக்குறி முறையில் குறைவது காபியின் வெப்பநிலை அல்ல, அறையைவிட அது எவ்வளவு கூடுதலாக இருக்கிறது என்பதுதான். டிஐ-84-இல் ஸ்டாட், எடிட் போய் எல்1 பட்டியலில் நிமிடம், எல்2-இல் வெப்பநிலை இடுங்கள். எல்3-இன் தலைப்பில் கர்சரை வைத்து எல்2 − 30 என்று கொடுங்கள். 50, 29.9, 17.9, 10.7 வரும், விகிதம் மூன்று முறையும் 0.60. இப்போது எக்ஸ்ப்ரெக்கில் ஒய் பட்டியலாக எல்3-ஐக் கொடுத்தால் ஏ 50, பி 0.95. விடை எழுதும்போது கழித்த 30-ஐத் திரும்பக் கூட்டப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

குளிர்நாட்டுப் பாடநூலில் இருக்கும் 22 டிகிரியை அப்படியே எடுத்துக் கழிப்பதும் தவறு. மேலே உள்ள அளவுகளில் 22-ஐக் கழித்தால் விகிதம் 0.65, 0.68, 0.72 என்று மறுபடி நழுவும். உங்கள் அறையை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

ஆர்² ஏன் ஏமாற்றுகிறது? கால்குலேட்டர் முதலில் ஒய் மதிப்புகளுக்கு மடக்கை எடுத்து, அதற்கு ஒரு நேர்கோட்டைத்தான் பொருத்துகிறது. ஆர்² அந்தக் கோட்டுக்கு உரியது. எச்சங்களை, அதாவது அளந்ததற்கும் சமன்பாடு சொல்வதற்கும் உள்ள வித்தியாசங்களை, பார்ப்பதே நம்பகமான வழி: சமன்பாட்டை ஒய்1-இல் சேமித்திருந்தால், எல்2 − ஒய்1(எல்1). தவறான முதல் பொருத்தத்தில் அவை +2.5, −2.0, −1.5, +1.3. இரு ஓரங்களிலும் கூட்டல், நடுவில் கழித்தல் என்று வளைந்து வந்தால் மாதிரி பொருந்தவில்லை என்று பொருள். மடக்கை எடுப்பதால்தான் பட்டியலில் ஒரு பூஜ்யம் இருந்தாலும் டொமைன் பிழை வருகிறது. அறை வெப்பநிலையைத் தொட்டுவிட்ட அளவை விட்டுவிடுங்கள், 0.001 என்று மாற்றிப் போட்டால் அந்த ஒரு புள்ளி கோட்டையே இழுத்துவிடும்.

கேசியோவில் இரண்டு வடிவங்கள் உண்டு: ஏ × பி^எக்ஸ், ஏ × இ^(பி × எக்ஸ்). மேலே உள்ள 0.95, இ அடிமான வடிவத்தில் −0.0513 ஆக வரும். எந்த வடிவம் என்று எழுதாமல் பி-ஐ மட்டும் எழுதினால் மதிப்பெண் போகும்.

ஆண்டுகளை 1991, 2001 என்று அப்படியே எல்1-இல் இடாதீர்கள். 1991-ஐ 0 ஆக்குங்கள். பி 1.025 என்று வந்ததை 1.03 என்று முழுமையாக்கினால் 20-ஆவது அடுக்கில் 10 சதவீதம்தான் பிசகும். 2000-ஆவது அடுக்கிலோ விடை 16 ஆயிரம் மடங்குக்கு மேல் தள்ளிப்போகும். அதனால் முழுச் சமன்பாட்டையும் ஒய்1-இல் சேமித்து அதிலிருந்தே கணக்கிடுங்கள்.

சென்னை மக்கள்தொகை பலருக்கும் பிடித்த புராஜெக்ட் தலைப்பு. மாநகராட்சியின் பழைய எல்லைக்குள் 1991-இல் 38.43 லட்சம், 2001-இல் 43.44, 2011-இல் 46.47. விகிதம் 1.13-இலிருந்து 1.07-க்கு இறங்கிவிட்டது, இங்கே லாஜிஸ்டிக் வளைவை (வேகமாக ஏறி, பிறகு ஒரு உச்ச வரம்பை நோக்கித் தணியும் வளைவு) முயன்று பார்ப்பதே சரி. 2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தது. புதிய எல்லைக்கான எண்ணைப் பழைய வரிசையோடு சேர்த்தால் வளைவு திடீரென்று எகிறும், ஆகவே எல்2-இல் ஒரே எல்லைக்குரிய எண்களை மட்டும் இடுங்கள்.