கனத்த உடம்புள்ள நண்பரோடு சைக்கிள் ஓட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எடை குறைக்கச் சைக்கிள் எடுத்த நண்பர் ஒரே மாதத்தில் அதை மூலையில் சாத்திவிட்டால், அதில் கூடப்போனவருக்கும் பங்கு இருக்கும். எல்லாவற்றிலும் மோசமான தவறு இது: முன்னால் ஏறிப்போய் மேட்டு உச்சியில் காத்திருந்து, அவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் "போலாமா?" என்று கிளம்புவது. நீங்கள் ஐந்து நிமிடம் இளைப்பாறியிருப்பீர்கள், அவருக்கு அதுகூட இல்லை. அவர் தண்ணீர் குடித்து, மூச்சு சீரான பிறகு அவரே முதலில் கிளம்பட்டும்.

வழியைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். சமதரையில் வேகத்தைத் தடுப்பது பெரும்பாலும் காற்று, ஏற்றத்தில் எடை. சைக்கிள் 15 கிலோ, நீங்கள் 70, அவர் 110 என்றால், ஒரே வேகத்தில் மேடேற அவர் உங்களைப்போல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு சக்தி செலவிட வேண்டும். ஆகவே முதலில் ஈசிஆர் மாதிரி சமமான சாலைதான் சரி. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் பிறகு. வேகத்தை அவரே வைக்கட்டும். ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிந்தால் வேகம் சரி. எதிர்காற்று அடித்தால் மட்டும் நீங்கள் முன்னால் போங்கள். இறக்கத்தில் அவர் சைக்கிள் உங்களுடையதைவிட வேகமாக உருளும், நிற்கவும் கூடுதல் தூரம் கேட்கும். அவருக்கு நேர் முன்னே போகாதீர்கள்.

உங்கள் பழைய ரேஸ் சைக்கிளை இரவல் கொடுப்பதும் தவறு. 25 மிமீ டயர் அவருக்குப் போதாது. 38 மிமீக்குக் குறையாமல் இருக்கட்டும். காற்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து நம்பாமல், கேஜ் உள்ள பம்பில் அளந்து, டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமல் அடியுங்கள். காற்று குறைந்திருந்தால் பள்ளத்தில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கு அடியில் நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பாரத்தில் பெரும்பங்கு பின்சக்கரத்தில்தான். அதில் 36 ஸ்போக்ஸ், குறைந்தது 32 இருப்பது நல்லது. முதல் சில வாரங்களில் கம்பிகள் தளரும். கடையில் கொடுத்துக் கோட்டம் எடுத்து முறுக்கிவிடுங்கள். ஒன்று உடைந்தபின் அப்படியே ஓட்டினால் பாரம் அக்கம்பக்கத்துக் கம்பிகளில் ஏறி அவையும் போகும். சைக்கிளின் எடை வரம்பை வாங்கும்முன்பே கையேட்டில் பாருங்கள்.

குண்டான பஞ்சு சீட் வாங்கித் தராதீர்கள். அதில் உடல் புதைந்து தொடை உரசிப் புண்ணாகும். இடுப்பெலும்பு தாங்கும் அகலத்தில், ஓரளவு கெட்டியான சீட் போதும். பெடல் அடியில் இருக்கையில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்ந்திருந்தாலும், கனமான கியரில் அழுத்தி மிதித்தாலும் முட்டி வலிக்கும். லேசான கியரில் நிமிடத்துக்கு 70, 80 சுற்று மிதிக்கப் பழகட்டும்.

மெதுவாக ஒரு மணி நேரம் ஓட்டினால் அவருக்குச் செலவாவது ஏறத்தாழ 400 கலோரி. திரும்பும் வழியில் இரண்டு பரோட்டாவும் சால்னாவும் அதை ஈடுகட்டிவிடும். கடையில் வண்டியை நிறுத்தும் பழக்கத்தை நீங்கள்தான் முதலில் விட வேண்டும். அவர் சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவரானால் சாப்பிடாமல் கிளம்பக் கூடாது, ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். குளுக்கோஸ் பையில் இருக்கட்டும். கை நடுங்கி, குப்பென்று வியர்த்தால் உடனே நிறுத்திக் கொடுங்கள்.

பத்து கிலோ குறைந்ததும் டயர் காற்றைச் சற்றுக் குறைக்கலாம், சீட் உயரத்தை மறுபடி பார்க்கலாம். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் அளவைப் பற்றி மட்டும் அதுவரை காத்திராமல், ஓட்டத் தொடங்கும்போதே மருத்துவரிடம் கேளுங்கள்.