டிராக் டேக்குக் கிளம்பும் முன் பாலிசியில் பார்க்க வேண்டியது

டிராக் டே என்றால் ரேஸ் டிராக்கில் சொந்த பைக்கைப் போட்டி இல்லாமல் ஓட்டிப் பழகும் நாள். அப்படிப் போய், சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் வண்டி விழுந்தால் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா என்று அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். விபத்து வண்டிகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் சர்வேயர் வேலை எனக்கு. லீவு கிடைத்தால் டிராக்கில் ஓட்டுவேன். வண்டிக்குக் கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். உடம்புக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதற்கு முன்கூட்டியே கொஞ்சம் வேலை பார்க்க வேண்டும்.

வண்டி பாலிசியில் ‘லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்’ (பயன்பாட்டு வரம்புகள்) என்ற பத்தியைத் தேடுங்கள். பொடி எழுத்தில் இருக்கும். ஏற்பாடு செய்த பந்தயம், பேஸ் மேக்கிங் (மற்ற வண்டிகளுக்கு வேகம் காட்டி முன்னே ஓட்டுவது), வேகச் சோதனை, ரிலையபிலிட்டி டிரையல் (வண்டி தாங்குமா என்று பார்க்கும் ஓட்டம்) ஆகியவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தினால் காப்பீடு இல்லை என்று அதில் போட்டிருக்கும். எந்தக் கம்பெனி பாலிசியை எடுத்தாலும் வாசகம் ஏறக்குறைய இதுதான்.

“நான் பந்தயமே ஓட்டலையே, பயிற்சிதானே?” என்று நம் ஆட்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். டிராக் டேயில் பரிசும் இல்லை, போட்டியும் இல்லை. ஆனால் கம்பெனி பந்தயம் என்ற சொல்லை விட்டுவிட்டு வேகச் சோதனை என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று அளக்கும் லேப் டைமர் மாட்டியிருந்தால் அதற்கு இன்னும் வசதி. ஸீரோ டெப், அதாவது தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஆட்-ஆன் போட்டிருக்கிறேன் என்பதும் உதவாது. அடிப்படை பாலிசியே பேசாத இடத்தில் ஆட்-ஆன் பேசாது. ஓனர்-டிரைவருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கும் இதே நிபந்தனைதான். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

ஐ.எம்.டி. (IMT) 31 என்று ஒரு எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் விதி இருக்கிறதே என்பார்கள். அது ராலிக்கும் ரிலையபிலிட்டி டிரையலுக்கும் உரியது. பந்தயமும் வேகச் சோதனையும் அதிலும் விலக்குதான்.

வீட்டிலிருந்து டிராக் கேட் வரைக்கும், திரும்பி வரும்போதும் வழக்கமான பாலிசி இருக்கிறது. பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரி இடித்தால் அது சாதாரண க்ளெய்ம். குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போகும்போது வண்டி சரிந்து டேங்க் நசுங்கினாலும் சொந்த வண்டிச் சேதத்துக்கும் பணம் தரும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் கேட்கலாம்; சாலை, ரயில் வழியாகக் கொண்டுபோகும்போது ஏற்படும் சேதம் அதில் தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. டிராக்குக்காகக் கழற்றிய கண்ணாடி, நம்பர் பிளேட் எல்லாவற்றையும் மாட்டிய பிறகுதான் ரோட்டில் இறங்க வேண்டும்.

டிராக்கில் விழுந்த வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, “பூந்தமல்லிகிட்ட நாய் குறுக்கே வந்துச்சு” என்று க்ளெய்ம் போடாதீர்கள். எங்களுக்குத் தெரியும். டயரின் ஓரம்வரை ரப்பர் சுருண்டு நிற்கும். டிராக்குக்காக ஹெட்லைட்டில் டேப் ஒட்டிய பிசின் தெரியும். ஹேண்டில் முனை தேய்ந்து போயிருக்கும், அதைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இருக்காது. வண்டி விழும்போது அந்தக் கண்ணாடி அதில் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பொய் க்ளெய்ம் பணத்தோடு முடியாது, மோசடி வழக்கு வரைக்கும் போகும்.

வண்டிச் செலவு நம்முடையது என்று ஆனபின், விழுந்தாலும் குறைவாக உடையும்படி வண்டியைத் தயார் செய்வதுதான் உண்மையான இன்ஷூரன்ஸ். நல்ல ஃப்ரேம் ஸ்லைடர் (விழும்போது பாடிக்குப் பதில் தரையில் உரசும் முட்டு), இன்ஜின் கவர் கார்டு போடுங்கள். பிரேக் லீவர், கிளட்ச் லீவர், ஃபுட்பெக் ஒரு செட் பையில் இருக்கட்டும். ஒரு சின்னப் பொருள் இல்லாமல் வீணாகும் நாள் நிறைய. ஒரிஜினல் ஃபேரிங்கை (வண்டியின் வெளி மூடியை) கழற்றி வைத்துவிட்டு மலிவான ஃபைபர் பாடி மாட்டுகிறவர்கள் புத்திசாலிகள். ஆர்கனைசரிடம் கையெழுத்துப் போடும் இண்டெம்னிட்டி பாண்டை (பொறுப்பேற்புப் பத்திரத்தை) படித்துவிட்டுப் போடுங்கள். இன்னொருவரை நீங்கள் இடித்தால் யார் பொறுப்பு என்பது பெரும்பாலும் அதில் இருக்கும். அப்புறம், சறுக்கினால் வண்டியை விட்டுவிடுங்கள். முழுதாக நின்றோம் என்று உறுதியாகும் வரை எழுந்திருக்காதீர்கள். உருளும்போது எழ முயன்றுதான் மணிக்கட்டும் கணுக்காலும் உடைகின்றன.

இனி உடம்பு. ஹெல்த் பாலிசியில் ‘எக்ஸ்க்ளூஷன் 09’ என்று ஒன்று இருக்கும். அபாயகரமான விளையாட்டுகள் பட்டியலில் மோட்டார் ரேஸிங்கும் உண்டு. ஆனால் வாசகத்தைக் கூர்ந்து படியுங்கள்: தொழில்முறை வீரராகப் பங்கேற்று அடிபட்டால்தான் விலக்கு. சம்பளத்துக்கோ பரிசுக்கோ ஓட்டாத ஒருவருக்கு இது பெரிய பிடிமானம். தனியாக வாங்கும் பெர்சனல் ஆக்சிடென்ட் பாலிசிகளில் இந்த இளகல் பெரும்பாலும் இருக்காது. அங்கே ரேஸிங் என்றாலே கதவு மூடிவிடும். அதனால் போவதற்கு முன் இரண்டு கம்பெனிக்கும் மெயில் போட்டு, “மூடிய டிராக்கில், போட்டி இல்லாத பயிற்சி ஓட்டம், காயம்பட்டால் சிகிச்சைச் செலவு உண்டா?” என்று கேளுங்கள். போனில் ஏஜென்ட் சொல்லும் “உண்டு சார்” எங்கேயும் நிற்காது. பதில் எழுத்தில் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். கூட வந்தவர் பதற்றத்தில் “ரேஸ்ல விழுந்துட்டாரு” என்று சொன்னால் ஏ.ஆர். காப்பியிலும் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அது அப்படியே ஏறிவிடும். போட்டி இல்லாத பயிற்சி என்றால் பயிற்சி என்றே எழுதச் சொல்லுங்கள். ஆர்கனைசர் கொடுத்த ரசீதையும் நிகழ்ச்சி விவரத்தையும் வைத்திருங்கள்.

அப்படியும் மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும் இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரியான ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும், புதுச்சேரி நகரம், காரைக்கால் பகுதிகளுக்கும் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. மறுப்புக் கடிதம் வந்து ஒரு வருடத்துக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.